முட்டி தட்டும் பருவம்

1973-ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவின் ஹடார் என்னும் வறண்ட நிலத்தில், டொனால்ட் ஜொஹான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளருக்கு இரண்டு எலும்புத் துண்டுகள் கிடைத்தன. ஒன்று தொடையெலும்பின் கீழ்முனை, மற்றது கீழ்க்காலெலும்பின் மேல்முனை. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழங்கால் மூட்டு. வயது சுமார் 34 லட்சம் ஆண்டுகள். சேர்த்துப் பிடித்தபோது அவை ஒரே நேர்க்கோட்டில் நிற்கவில்லை. தொடையெலும்பு வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. நிமிர்ந்து இரண்டு காலில் நடந்த உயிர் இது என்பதற்கு அந்தச் சாய்வே அவருக்குச் சாட்சியாக இருந்தது. அடுத்த ஆண்டு அதே ஹடாரில்தான் 'லூசி' என்று உலகம் அறிந்த எலும்புக்கூட்டை அவர் கண்டெடுத்தார்.

சிம்பன்சியின் தொடையெலும்பு இடுப்பிலிருந்து ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் அதன் பாதங்கள் அகன்று கிடக்கும். இரண்டு காலில் நடக்க முயன்றால் ஒவ்வோர் அடிக்கும் உடல் இடமும் வலமும் ஆடும். நம் தொடையெலும்பு இடுப்பில் அகன்று தொடங்கி, முட்டியை நோக்கி உட்புறமாகச் சாய்கிறது. அதனால் பாதம் உடலின் நடுக்கோட்டுக்கு அருகில் விழுகிறது. ஒரு காலைத் தூக்கினாலும் சாய்ந்து விழாமல் நிற்கிறோம். முட்டிகள் சற்றே உள்நோக்கி இருப்பது மனித நடையின் அடையாளம்.

இந்தச் சாய்வோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. கிறிஸ்டின் டார்டியூவும் எரிக் டிரிங்கவுஸும் 1994-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த குழந்தையின் தொடையெலும்பில் இந்தக் கோணம் கிட்டத்தட்டப் பூஜ்யம். எழுந்து நிற்கத் தொடங்கி, விழுந்து, மறுபடி எழுந்து நடக்கும் ஆண்டுகளில்தான் எலும்பு அந்தக் கோணத்தை எடுத்துக்கொள்கிறது. நோயினால் ஒருபோதும் நடக்க முடியாமல் போன பிள்ளைகளின் தொடையெலும்பில் அது உருவாவதில்லை. நடந்து நடந்து குழந்தை தானே சம்பாதித்துக்கொள்ளும் கோணம் அது.

அதே 1973-இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழில் வேறொரு முட்டியைப் பற்றிய கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும். அந்த நிறுவனத்தின் வேர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஆந்திரக் கிராமங்களில், பதின்பருவப் பிள்ளைகளின் முட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். நடக்கப் பழகும் குழந்தையிடம் காணும் மெல்லிய சாய்வு அல்ல இது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த பையன்களுக்கு வயது ஏறஏறக் கால்கள் கோணிக்கொண்டே போயின. முதுகெலும்பு வழக்கத்துக்கு மேல் அடர்ந்திருந்தது. கால் எலும்புகளோ சுண்ணச்சத்து இழந்து மெலிந்திருந்தன.

மடத்துக்குளத்தில் இருந்து படிப்பவர்கள் இதைத் தெலுங்கு நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆந்திரத்தில் கண்ட இந்த முட்டிக் கோணல் தமிழ்நாட்டில் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதியிலும் காணப்பட்டதாக அந்த ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டுகளில் குறிப்பிட்டார்கள். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிரியும்வரை உடுமலையும் மடத்துக்குளமும் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன. அமராவதி ஆற்றங்கரையில் நெல்லும் கரும்பும் தென்னையுமாக இருக்கும் மடத்துக்குளத்துக்கும், மேற்கே வாய்க்கால் பாயும் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துக்கும் பாறை ஒன்றுதான், கிணற்றடியில் ஓடும் ஊற்றும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே இங்கே ஒரு குழந்தையின் முட்டி தட்டுகிறது என்றால் இரண்டு கேள்விகள் எழ வேண்டும். வளரும் வயதில் எல்லாக் கால்களும் கடந்து போகும் கட்டமா இது? அல்லது எலும்புக்குள் ஏதோ பிசகிய அறிகுறியா? இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை வரைவது பெரும்பாலும் குழந்தையின் வயது.

"பையன் ஓடறப்ப முட்டி ரெண்டும் இடிச்சுக்குதுங்க. எண்ணெய் தேச்சு நீவிவிட்டா நேராயிருமுங்களா?" கொங்கு நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைச் சொல்வார்கள். கேட்கும் தாயின் இடுப்பில் இருப்பது பெரும்பாலும் மூன்று, நான்கு வயதுக் குழந்தை. அந்த வயதில் முட்டி தட்டத்தான் செய்யும்.

கருப்பைக்குள் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்த குழந்தை வில்லுக்காலோடு பிறக்கிறது. முட்டிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும், பாதங்கள் சேரும். ஒன்றரை, இரண்டு வயதில் கால் நேராகிறது. அங்கேயே நின்றுவிடாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து, மூன்று நான்கு வயதில் முட்டிகள் உரசத் தொடங்குகின்றன. பிறகு மெல்லத் திரும்பி, ஏழு எட்டு வயதில் பெரியவர்களுக்கு உள்ள இலேசான உட்சாய்வில் வந்து நிலைகொள்கிறது. பின்லாந்தின் சலேனியசும் வான்காவும் 1,279 குழந்தைகளின் கால்களை எக்ஸ்ரே எடுத்து அளந்து 1975-இல் வெளியிட்ட வரைபடம்தான் இந்தக் கணக்குக்கு உலகமெங்கும் அடிப்படை. எலும்பு மருத்துவப் பாடநூல்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

ஆனால் பின்லாந்துக் குழந்தையின் கடிகாரம் நம் குழந்தைக்கும் பொருந்துமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூவும் விருஷா மாதுரியும் இதைக் கேட்டுக்கொண்டு, 2 முதல் 18 வயது வரையிலான 360 தென்னிந்தியப் பிள்ளைகளின் கால்களை அளந்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு, மூன்று வயதில் உட்சாய்வு சராசரியாக 2 பாகை அளவே இருந்தது. ஐந்து, ஆறு வயதில் அது உச்சத்தைத் தொட்டது: ஆண் குழந்தைகளுக்கு 6.7 பாகை, பெண் குழந்தைகளுக்கு 7.25. அங்கிருந்து குறைந்துகொண்டே வந்து, 17, 18 வயதில் ஆண்களுக்கு 3 பாகையை ஒட்டியும் பெண்களுக்கு 4 பாகைக்குச் சற்று மேலும் நின்றது. எல்லா வயதிலும் பெண்பிள்ளைகளுக்குச் சாய்வு கொஞ்சம் அதிகம்.

இந்த ஆய்வை நம் ஊர்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேலைநாட்டுக் கணக்கில் மூன்று நான்கு வயதில் வரும் உச்சம் நம் பிள்ளைகளுக்கு ஐந்து ஆறு வயதில் வருகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு ஆண்டுவிழாவில் வரிசையில் நிற்கும் குழந்தைகளின் முட்டிகள் உரசிக்கொண்டிருந்தால், பாதிக் கவலை அப்போதே போய்விட வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவில் இருந்து, குழந்தை வலியில்லாமல் ஓடி, வயதுக்கேற்ற உயரமும் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. காத்திருந்தால் போதும்.

காத்திருப்பது எளிதல்ல என்பது தெரியும். அம்மிச்சி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்று சொல்வார், கடையில் பட்டை வைத்த பூட்ஸ் தொங்கும். உட்பக்கம் உயர்த்திய செருப்பு, இரவில் கட்டும் பட்டை, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக் கட்டுவது, இவை எதுவும் இந்த இயல்பான சாய்வைச் சீக்கிரம் நேராக்குவதில்லை. கால் தானாக நேராகிற வயதில் பூட்ஸ் போட்டிருந்தால், நேராக்கிய பெயர் பூட்ஸுக்குப் போகிறது. எண்ணெய் தேய்த்து நீவுவதால் குழந்தைக்குச் சுகம் உண்டு, கெடுதல் இல்லை; எலும்பின் கோணம் அதனால் மாறாது. கால்களைப் பின்னால் மடக்கிப் போட்டு உட்காரும் குழந்தையை 'முட்டி தட்டிப்போயிரும்' என்று அதட்டுவதும் வேண்டாம். அப்படி உட்காருவதால் முட்டி கோணும் என்பதற்கு ஆதாரமில்லை.

எலும்பு எப்படித் தன்னைத்தானே நேராக்கிக்கொள்கிறது? முட்டிக்கு மேலும் கீழும், தொடையெலும்பின் முனையிலும் கீழ்க்காலெலும்பின் முனையிலும், வளர்தட்டு என்னும் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரேயில் கறுத்த கோடாகத் தெரியும். எலும்பு நீள்வது அங்கேதான். கால் முழுவதும் நீளும் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முட்டியைச் சுற்றிய இந்த இரண்டு தட்டுகளின் உழைப்பு. தொடையெலும்பின் கீழ்த்தட்டு ஆண்டுக்கு 9, 10 மில்லிமீட்டர் வளர்க்கும். கீழ்க்காலெலும்பின் மேல்தட்டு 6 மில்லிமீட்டர். இந்தத் தட்டு எடையை உணரக்கூடியது. ஒரு பக்கம் அளவுக்கு மீறிய அழுத்தம் விழுந்தால் அந்தப் பக்கம் வளர்ச்சி மந்தமாகும், அழுத்தம் குறைந்த பக்கம் வேகமெடுக்கும். 1862-இல் ஹியூட்டர், வோல்க்மான் என்ற இரு ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் தனித்தனியே கண்டு சொன்னது இது.

சாய்வு சிறிதாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு காலைத் தானாகத் திருத்துகிறது. சாய்வு மிகுந்துவிட்டால் இதே ஏற்பாடு எதிராகத் திரும்பும். உடல் எடை இறங்கும் கோடு முட்டியின் நடுவைவிட்டு வெளிப்பக்கம் நகர்ந்துவிடும்; வெளிப்பக்கத் தட்டு நசுங்கும்; அங்கே வளர்ச்சி குறையும்; உட்பக்கம் மட்டும் வளர்ந்து கால் மேலும் கோணும். எட்டு, ஒன்பது வயதுக்குப் பிறகும் முட்டி தட்டிக்கொண்டே போகும் பிள்ளையை 'வளர வளரச் சரியாகும்' என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அந்தக் காலை வளர்ச்சியே கோணலாக்கிக்கொண்டிருக்கிறது.

காரணங்களில் முதலில் நிற்பது ரிக்கெட்ஸ். வளர்தட்டில் புதிதாக உருவாகும் எலும்பில் சுண்ணச்சத்தும் பாஸ்பரசும் படிந்து கெட்டிப்பட வேண்டும். அவை கிடைக்காவிட்டால் எலும்பு மெத்தென்று இருந்து எடைக்கு வளைகிறது. எந்தப் பக்கம் வளையும் என்பதையும் வயதே முடிவு செய்கிறது. வில்லுக்கால் இருக்கும் ஒன்றரை வயதில் ரிக்கெட்ஸ் வந்தால் வில் இன்னும் வளையும். உட்சாய்வு வந்துவிட்ட நான்கு வயதுக்கு மேல் வந்தால் முட்டி இன்னும் தட்டும். சிலருக்கு ஒரு கால் வில்லாகவும் மறுகால் உட்சாய்ந்தும், காற்றடித்துச் சாய்ந்ததுபோல் இரண்டும் ஒரே திசையில் போகும்.

சுண்ணச்சத்து எலும்பில் சேர, வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி வேண்டும். வெயில் கொளுத்தும் நாட்டில் அது குறைவா என்று பலர் நம்ப மறுப்பார்கள். 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி ரிக்கெட்ஸ் வந்த நான்கு குழந்தைகளுக்குப் புறஊதா விளக்கொளி காட்டினார். எலும்பு கெட்டிப்படுவதை எக்ஸ்ரேயில் கண்டார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோது மறுகையும் சேர்ந்து குணமானது. தோலில் உருவாகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது என்பது அதிலிருந்து விளங்கியது. ஆனால் வெயில் ஊரில் இருந்தால் போதாது, தோலில் பட வேண்டும். கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிட அதிக நேரம் வேண்டும். திருப்பூரைச் சுற்றி லைன் வீட்டில் வளரும் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். அப்பா ஒரு ஷிப்டில், அம்மா இன்னொரு ஷிப்டில். கதவைச் சாத்திக்கொண்டு செல்போனோடு உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அதுதான் பத்திரம் என்று. பள்ளிக்கூட வேனில் ஏறும் பிள்ளைகளும் நடுப்பகல் வெயிலைக் காண்பது குறைவு. இதில் பெற்றோரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஓடி விளையாட வெளியிடம் இல்லாத வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடும் ஊர்களும் இதற்குப் பொறுப்பு.

வெயில் பட்டாலும் சாப்பாட்டுத் தட்டில் சுண்ணச்சத்து இல்லாவிட்டால் ரிக்கெட்ஸ் வரும். இந்தியப் பிள்ளைகளிடம் இந்த வகையும் கணிசமாக உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். வெறும் சோறும் ரசமும் தின்கிற பிள்ளைக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. நம் பாட்டிகள் களி கிண்டிய தட்டைப் பிள்ளைகளின் கையில் மறுபடி கொடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. கறந்த பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வீட்டுப் பிள்ளைக்குக் கட்டஞ்சாயா கொடுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்கு ஒரு டம்ளரை எடுத்து வையுங்கள்.

சத்துக் குறைவால் வரும் ரிக்கெட்ஸுக்குச் சிகிச்சை எளிது. மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் டி, கூடவே கால்சியம். மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் எலும்பு கெட்டிப்படுவது தெரியும். சிறு குழந்தையாக இருந்தால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் காலும் பெரும்பாலும் நேராகும், கத்தி வைக்கவே தேவையிராது. ஆனால் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி வாராவாரம் வைட்டமின் டி ஊசி போடுவது ஆபத்து. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்து கொடுத்தும் ஆறாத ரிக்கெட்ஸ் இருந்தால், சிறுநீரகமே பாஸ்பரசையோ காரத்தையோ வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். அடிக்கடி சிறுநீர் கழிக்கும், வளர்த்தி குன்றிய, முட்டி தட்டும் பிள்ளையிடம் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை.

இனி நீருக்கு வருவோம். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கம் உழவு மாடுகள் கால் விறைத்து ஏர் இழுக்க முடியாமல் தளர்ந்ததை 1930-களில் உழவர்கள்தான் முதலில் கண்டார்கள். 1937-இல் எச்.இ. ஷார்ட்டும் உடன் உழைத்தவர்களும் அங்கே மனிதர்களுக்கு வந்த எலும்பு நோய் குடிநீரில் இருக்கும் ஃபுளோரைடால்தான் என்று நிறுவினார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சி.ஜி. பண்டிட் முதலியோர் அந்த வேலையைத் தொடர்ந்து, நல்ல உணவு இல்லாத ஏழைகளிடம் நோய் கடுமையாக இருப்பதைக் கவனித்தார்கள்.

கருங்கல்லிலும் நைஸ் பாறையிலும் ஃபுளோரைடு உள்ள தாதுக்கள் உண்டு. நீர் அந்தப் பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்தால் அது கரைகிறது. உப்பும் காரமும் ஏறி, கால்சியம் குறைந்த நீரில் இன்னும் கரையும். அறுபதடிக் கிணறு வற்றி ஆயிரமடி போர் போடும்போது பாறையின் அடிவயிற்றில் கிடந்த நீரைக் குடிக்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடை ஏற்கிறது. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் தெரியும், பிறகு எலும்பில். எட்டு வயதுக்குள் குடித்த நீர் பல்லில் வெள்ளைத் திட்டாகவும் பழுப்புக் கோடாகவும் எழுதிவைத்துவிடும். முட்டி தட்டும் பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது நல்ல மருத்துவரின் பழக்கம்.

ஆனால் எல்லா ஃபுளோரைடு ஊரிலும் முட்டி தட்டுவதில்லை. 1970-களில் திடீரென்று இவ்வளவு பிள்ளைகளிடம் ஏன்? கிருஷ்ணமாச்சாரி குழுவினர் வைத்த விளக்கம் கேட்கவே திகைப்பானது. 1955-இல் தொடங்கி 1967-இல் நீர் திறந்த நாகார்ஜுனசாகர் அணை, சுற்றுவட்டார நிலத்தடி நீரை உயர்த்தியது. கசிவு நீரால் மண்ணின் காரத்தன்மை கூடியது. கார மண்ணில் வளரும் சோளம் மாலிப்டினம் என்னும் தாதுவை அதிகம் உறிஞ்சியது. மாலிப்டினம் உடலிலிருந்து தாமிரத்தை வெளியேற்றும். தாமிரம் குறைந்த எலும்பு இழை வலுவிழக்கும். அதன்மேல் ஃபுளோரைடு சேர்ந்தபோது, வேகமாக வளரும் வயதில் கால் எலும்பு தாங்கவில்லை. அணையில் தொடங்கி மண், சோளம், களி என்று ஒரு பையனின் முட்டிவரை வந்த சங்கிலி அது. பரம்பிக்குளம்–ஆழியாறு பகுதியை அவர்கள் சேர்த்துச் சொன்னதும் இந்தக் கோணத்தில்தான். 1960-களில் அங்கேயும் புதுப் பாசனம் வந்தது; சோளம் அங்கேயும் அன்றாட உணவு.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் முழுதாக நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மீரட்டில் தியோத்தியா தம்பதியர் பல ஆண்டு செய்த ஆய்வுகள் மாலிப்டினத்தைவிடக் கால்சியம் குறைவையே முதன்மைக் காரணமாகக் காட்டின: கால்சியம் போதுமான பிள்ளையை அதே நீர் இவ்வளவு முடக்குவதில்லை. எனக்கு இந்த இரண்டாவது விளக்கமே நம் வீடுகளுக்கு அதிகம் பயன்படுவதாகப் படுகிறது. அணையை நாம் மாற்ற முடியாது. பிள்ளையின் தட்டை மாற்ற முடியும், குடிக்கும் நீரையும் மாற்ற முடியும்.

நீரை மாற்றியதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. ஃபுளோரைடால் தலைமுறைகளாகத் தவித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, ஜப்பான் கடனுதவியோடு காவிரி நீரைக் கொண்டுபோன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. சிற்றூர்களுக்கு நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் உருவாக்கிய நல்கொண்டா முறை உண்டு. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளியவைத்தால் ஃபுளோரைடு அடியில் தங்கும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டுவதால் இன்னும் அடர்த்தியாகும்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து கூடிய சில குழந்தைகளுக்கு அடுத்த ஓராண்டில் அந்தக் கால் மட்டும் உள்ளே சாயும். பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானே சரியாகும், அவசரப்பட்டு அறுக்கக் கூடாது. வளர்தட்டில் சீழ் பிடித்தோ அடிபட்டோ ஒரு பக்கம் வளர்ச்சி நின்றுபோயிருந்தால் அது தானாகச் சரியாகாது. உடல் பருமன் முட்டியின் வெளிப்பக்கத்தை நசுக்கும். பரம்பரை எலும்பு நோய்கள் சில உண்டு. காரணம் எதுவுமே அகப்படாமல் பதின்பருவத்தில் முட்டி தட்டும் பிள்ளைகளும் நிறைய.

வீட்டிலேயே அளக்கலாம். பிள்ளையை முட்டிச்சில் நேராக முன்னே பார்க்கும்படி நிற்கவைத்து, இரண்டு முட்டியும் இலேசாகத் தொடும்படி சேர்த்து, உட்பக்கக் கணுக்கால் எலும்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தையல் டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள். டேப் இல்லாத வீடு திருப்பூர்ப் பக்கம் இருக்காது. ஆறு மாதம் கழித்து மறுபடி. எட்டு வயதுக்கு மேல் அந்தத் தூரம் 8 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, கூடிக்கொண்டே போனாலோ எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு கால் மட்டும் சாய்ந்திருந்தால், இரண்டு வயதுக்கு முன்பே முட்டி தட்டினால், வலியோ நொண்டலோ இருந்தால், மணிக்கட்டு தடித்திருந்தால், வயதுக்கு மிகக் குள்ளமாக இருந்தால் அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

காரணத்துக்கு மருந்து கொடுத்தும் கோணல் மிச்சமிருந்தால், இன்றைய அறுவை சிகிச்சை அழகான ஒன்று. வளர்ச்சியாலேயே கோணியதை வளர்ச்சியாலேயே நிமிர்த்துவது அது. மில்வாக்கியின் வால்டர் பிளவுண்ட் 1949-இல் வளர்தட்டின் ஒரு பக்கத்தில் உலோக ஊக்குகளை அடித்து அந்தப் பக்கத்தைப் பிடித்து நிறுத்தினார். ஊக்குகள் சில வளைந்தன, சில கழன்றன. அமெரிக்காவின் யூட்டாவில் பீட்டர் ஸ்டீவன்ஸ் இரண்டு துளை உள்ள சிறு தகட்டை உருவாக்கி 2007-இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டு வடிவத்தில் இருப்பதால் எட்டுத் தகடு என்றே பெயர். முட்டியின் உட்பக்கத்தில், வளர்தட்டுக்கு மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. துணியின் ஒரு ஓரத்துக்கு மட்டும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் துணி அந்தப் பக்கம் வளையும் என்பது தையல் மெஷினில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும், இங்கும் அதுவே. தகடு பிடித்த உட்பக்கம் நிற்கிறது, வெளிப்பக்கம் வளர்ந்து எட்டிப்பிடிக்கிறது, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை கால் நிமிர்கிறது. பிள்ளை சில நாட்களில் நடந்து பள்ளிக்குப் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டியே ஆக வேண்டும். நேரானதும் தகட்டை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் கால் மறுபக்கம் வளைந்து வில்லாகிவிடும். எலும்பு நோயை அடக்காமல் தகடு வைத்தால் பலனும் நிற்காது. ரிக்கெட்ஸும் ஃபுளோரைடும் முதலில், தகடு பிறகு.

இந்தச் சிகிச்சை வளர்தட்டு திறந்திருக்கும்வரைதான். பெண்பிள்ளைக்கு 14 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைக்கு 16-ஐ ஒட்டியும் அது மூடிக்கொள்ளும். குறைந்தது ஓராண்டு வளர்ச்சியாவது மிச்சம் வேண்டும். பெண்ணுக்குப் பதினொன்று, பன்னிரண்டிலும் பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்றிலும் முடிவெடுத்தால் ஒரு சிறு கீறலோடு போகும். அதற்குப் பிறகு எலும்பை வெட்டித் திருப்பி, பெரிய தகடு வைத்து, மாதக்கணக்கில் ஊன்றுகோலோடு இருக்க வேண்டும். அதுவும் நல்ல சிகிச்சைதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் விலையும் வலியும் அதிகம்.

நம் பக்கத்தில் பல பையன்களுக்குத் தங்கள் முட்டியைப் பற்றி முதலில் சொல்பவர் ராணுவத்திலோ மத்திய ஆயுதக் காவல் படையிலோ ஆளெடுக்கும் மருத்துவக் குழுவின் டாக்டர். ஓட்டத்தில் ஜெயித்து, உயரமும் மார்பளவும் தேறி, 'நாக் நீ' என்று ஒரு சொல்லில் வெளியே வருகிறான். அவனுக்கு வயது பதினெட்டு, இருபது. தகடு வைக்கும் காலம் தாண்டி நான்கைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே பையன் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளி வராந்தாவில் நின்றபோது யாராவது அவன் கணுக்கால் இடைவெளியை அளந்திருந்தால் போதும். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு 2013 முதல் இயங்குகிறது. அவர்கள் தேட வேண்டிய குறைகளின் பட்டியலில் ரிக்கெட்ஸும் இருக்கிறது. அந்த வேன் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு வரும்போது 'காலையும் பாருங்கள்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பி.டி. வாத்தியார்களிடமும் கேட்கிறேன்: பிள்ளைகள் ஓடுவதைத் தினமும் பார்ப்பவர்கள் நீங்கள்தான், ஐந்தாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் ஒருமுறை டேப்பை எடுங்கள்.

மடத்துக்குளம் வட்டாரத்தில் ஆற்றுநீர் வரும் தெருக்களில் ஃபுளோரைடு கவலை குறைவு. தோட்டத்துச் சாளையில் போர் தண்ணீரையே குடித்து வளரும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள், ஒரு பாட்டில் நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவைக் கேளுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்று தாள் வந்தால், அந்த நீரைத் தென்னைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைக்கு வேறு நீர் கொடுங்கள்.